கோட்டு போட்ட கொம்பையா

"டீச்சர், என் தம்பி வந்துட்டான்."

"நல்ல சேதி அண்ணாச்சி. உக்காருங்க."

"ஆனா அவன் என் தம்பி இல்லை."

டீச்சர் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"யாருன்னு கேட்டீங்களா?"

"கேட்டேன். கொம்பையான்னு சொல்லுதான்."

"உங்க தம்பி பேரு அதுதானே?"

"அதனாலதான் டீச்சர் பயமா இருக்கு."

இசக்கியம்மாள் டீச்சருக்குத் தேரிக்காட்டு ஓரத்தில் வீடு. செம்மணலும் பனையும் தவிர அங்கே பார்க்க ஒன்றும் கிடையாது. அந்த வீட்டு முன்னறையில் உட்கார்ந்து அவள் வெப்சைட் செய்யச் சொல்லிக்கொடுத்தாள்.

சுடலைமுத்து வயதில் அவளுக்கு மூத்தவன். ஆனாலும் அவளிடம்தான் தொழில் படித்தான். அவள் அவனை அண்ணாச்சி என்பாள். அவன் அவளை டீச்சர் என்பான்.

டீச்சர் சொல்லிக்கொடுத்த பக்கங்கள் எல்லாம் ஒன்றுபோல இருக்கும். வெள்ளைத் தரை. கறுப்பு எழுத்து. மேலேயே போன் நம்பர். கிணறு தூர் வாருகிறவருக்கும் அதுதான். ரேடியோ செட்டு வாடகைக்கு விடுகிறவருக்கும் அதுதான்.

"என்ன டீச்சர், மொட்டையடிச்ச மாதிரி இருக்கு?" என்று ஒருநாள் கேட்டான் சுடலை.

"மொட்டையடிச்சா தலை தெரியும் அண்ணாச்சி," என்றாள் டீச்சர்.

அந்தப் பதில் அவனுக்குப் பிடிக்கவில்லை. டவுனுக்குப் போனான். அங்கே ஒரு கம்பெனியில் சேர்ந்தான். பூ விரிகிற பக்கம், அருவி கொட்டுகிற பக்கம், ஆள் சிரிக்கிற பக்கம் என்று அங்கே செய்தார்கள். ஒவ்வொன்றுக்கும் தனியாக ஓவியர் வைத்து வரைந்தார்கள். பார்க்கக் கண் கொள்ளாது.

அப்போதுதான் திருச்செந்தூர் மாசித் திருவிழாக் கூட்டத்தில் கொம்பையா காணாமல் போனான்.

கொம்பையாவுக்குப் பிறவியிலேயே மேலுதடு பிளந்திருந்தது. பேச்சு மூக்கு வழியாக வரும். வீட்டு ஆட்களுக்குப் புரியும், வெளியாட்களுக்குப் புரியாது. எழுதப் படிக்கவும் தெரியாது. அவன் ஒரு ஊர்ப் பேரைச் சொன்னால் கண்டக்டர் வேறு ஊருக்கு டிக்கெட் கிழிப்பார்.

யாராவது அவனை அடையாளம் கண்டு வீட்டுக்குச் சொன்னால்தான் உண்டு. தானாக வந்து சேர அவனுக்கு வழி கிடையாது.

"காணவில்லைன்னு பக்கம் போட்டீங்களா?" என்றாள் டீச்சர்.

"போட்டேன்."

"நான் சொல்லிக்கொடுத்த மாதிரியா?"

சுடலை கீரைக் காம்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மா மனசு கேக்கல டீச்சர்."

"ம்."

"ஊரே பாக்கப் போகுது, எம் புள்ளைய நல்லபடியாக் காட்டுங்கய்யான்னு அழுதா. காதுல கெடந்த கம்மலக் கழட்டிக் கொடுத்துட்டா. எங்க வீட்ல அவன் போட்டோ எல்லாத்துலயும் துண்ட வச்சு வாய மறைச்சிருப்பான். அதனால கம்பெனி ஓவியர் அவரா வரைஞ்சாரு."

"என்ன வரைஞ்சாரு?"

"உதட்ட."

"பிளவோடயா?"

"அத யாரு டீச்சர் வரைவா?"

அந்த வட்டாரத்து ஸ்டுடியோக்களில் இது வழக்கம்தான். சட்டையோடு போய் நின்றால் கோட்டோடு படம் வரும். கறுப்பாகப் போனவர் சிவப்பாக வருவார். கண் மூடியிருந்தால் திறந்து வைப்பார்கள். செத்தவருக்குக்கூடத் தலை வாரிவிடுவார்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

டீச்சர் தன் போனை எடுத்தாள். மூலை உடைந்த பழைய போன். "பக்கம் பேரு சொல்லுங்க."

சொன்னான். தட்டினாள். போனைத் தரையில் வைத்துவிட்டுக் கீரையை எடுத்தாள்.

திரையில் சக்கரம் சுற்றியது. தலைமுடி வந்தது. படிய வாரிய முடி. அப்புறம் சக்கரம். நெற்றி வந்தது. அப்புறம் சக்கரம்.

கீரை ஆய்ந்து முடிந்தது. டீச்சர் எழுந்துபோய் அலசினாள். அடுப்பில் போட்டாள். திரும்பி வந்து குனிந்து பார்த்தாள்.

"கீரை வெந்துடும் போல. உங்க தம்பி கழுத்து வரைக்கும்தான் வந்திருக்கான்."

சுடலை சிரிக்கவில்லை.

"வீட்லயும் இன்னைக்கு அப்படித்தான் டீச்சர் வந்தான்."

"எப்படி?"

"முதல்ல வாசல்ல தலை தெரிஞ்சுச்சு. அப்புறம் நெத்தி. கொஞ்ச நேரம் ஒண்ணும் இல்ல. அப்புறம் கழுத்து. கோட்டு வந்து சேர மத்தியானம் ஆயிடுச்சு."

டீச்சர் அடுப்பை அணைத்தாள். கதவைச் சாத்தினாள்.

"வாங்க போவோம்," என்றாள்.

வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. வழியில் ஒரு காக்கா இல்லை.

சுடலையின் வீட்டில் மேசைக்குப் பின்னால், தம்பி என்று வந்தவன் உட்கார்ந்திருந்தான். நீலக் கோட்டு. சிவப்பு டை. இடது கன்னத்தில் பளீரென்று வெளிச்சம். அந்த வீட்டில் ஜன்னல் வலது பக்கம் இருந்தது.

சுடலையின் அம்மா பேச்சியம்மாள் அவனுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள்.

டீச்சர் வலது பக்கமாக நடந்தாள். அவன் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். இடது பக்கமாக நடந்தாள். அப்போதும் அவளைப் பார்த்துத்தான் சிரித்தான். கழுத்து திரும்பவில்லை.

நாற்காலிக்குப் பின்னால் போனாள்.

அங்கேயும் முகம்தான் இருந்தது.

"சாப்பிட்டீங்களா தம்பி?" என்றாள் டீச்சர்.

"எங்கிருந்தாலும் வந்துவிடு," என்றான் அவன்.

"எங்க இருந்து வாறீங்க?"

"எங்கள் இல்லத்தின் ஒளிவிளக்கே."

"பேரு?"

"கொம்பையா," என்றான். "காணவில்லை."

சுடலை டீச்சர் காதருகே வந்தான். "எல்லாம் பக்கத்துல எழுதியிருக்கதுதான் டீச்சர். அதுக்கு மேல ஒரு வார்த்தை கிடையாது."

பேச்சியம்மாள் முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தியா தாயி, எவ்வளவு தெளிவாப் பேசுதான்! முன்னால இவன் பேசினா ஒரு பயலுக்கும் விளங்காது. இப்ப டிவில வாசிக்கிறவ தோத்தா."

"சோறு அப்படியே இருக்கே பெரியம்மா."

"சாப்பிட்டான், சாப்பிட்டான். மெதுவாச் சாப்பிடுவான்."

சுடலை தலையை ஆட்டினான். ஒரு பருக்கைகூடக் குறையவில்லை என்று கையால் காட்டினான்.

"நேத்து வரைக்கும் பஸ் ஸ்டாண்டு பஸ் ஸ்டாண்டா தேடிக்கிட்டு இருந்தீங்களே," என்றாள் டீச்சர். "இன்னைக்குப் போகலியா?"

"யாரைத் தேட?" என்றாள் பேச்சியம்மாள்.

டீச்சர் வாசல்படியில் போய் உட்கார்ந்தாள். சுடலையும் வந்து உட்கார்ந்தான்.

"விரட்டி விடட்டுமா டீச்சர்?"

"யாரை அண்ணாச்சி? நீங்க கூப்பிட்டீங்க, வந்திருக்காரு. கொம்பையாவத்தான் யாரும் இன்னும் கூப்பிடல."

சுடலை உள்ளே திரும்பிப் பார்த்தான்.

"போன எடுங்க. புதுப் பக்கம் போடுங்க. படம் வேண்டாம். அவன் எப்படி இருப்பான்னு நாலு வரி எழுதுங்க."

சுடலை எழுதினான். டீச்சர் வாங்கிப் பார்த்தாள்.

நல்ல நிறம். அகன்ற நெற்றி. சிரித்த முகம்.

"இது உள்ள உக்காந்திருக்கவரு," என்றாள். அழித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

மறுபடி எழுதினான். மறுபடி அழித்தாள்.

அடுத்த தடவை சுடலை எழுதவே இல்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். நெற்றியெல்லாம் வேர்வை.

"டீச்சர்."

"சொல்லுங்க."

"கண்ண மூடினாக் கோட்டுதான் வருது."

"இன்னும் கொஞ்சம் யோசிங்க."

"ஒரே பாயில படுத்தோம் டீச்சர். ஒரே தட்டுல தின்னோம். எனக்கு அவன் முகம் வரமாட்டேங்குது." சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தான். "ராத்திரி பகலா அந்தப் படத்தையே பாத்துக்கிட்டு இருந்தோம். யாராவது போன் பண்ணாங்களான்னு பாக்க எடுத்தாலும் அந்த மூஞ்சிதான். என் தம்பி எந்தப் பக்கம் வகிடு எடுப்பான்னுகூட எனக்குத் தெரியல டீச்சர்."

உள்ளே பேச்சியம்மாள் யாருடனோ பேசிச் சிரிப்பது கேட்டது. பதிலுக்கு, "எங்கிருந்தாலும் வந்துவிடு," என்று கேட்டது.

டீச்சர் எழுந்து உள்ளே போனாள்.

"பெரியம்மா, கொம்பையா உங்கள எப்படிக் கூப்பிடுவான்?"

"இது என்ன கேள்வி? அம்மான்னுதான்."

"வந்ததுல இருந்து கூப்பிட்டானா?"

பேச்சியம்மாள் யோசித்தாள். பிறகு மேசையில் இருந்தவனிடம் குனிந்து, "எய்யா, அம்மான்னு கூப்பிடு," என்றாள்.

"எங்கள் இல்லத்தின் ஒளிவிளக்கே," என்றான்.

"அது கெடக்கட்டும். அம்மான்னு சொல்லு."

"வந்துவிடு," என்றான்.

"ஒரே ஒரு தடவ."

அவன் சிரித்துக்கொண்டிருந்தான். பளீரென்ற கன்னம். முழுசான உதடு. அந்த வார்த்தை அவனிடம் இல்லை. யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

"தொடர்புக்கு," என்றான்.

பேச்சியம்மாள் அகப்பையைக் கீழே வைத்தாள். அப்புறம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, மூக்கு வழியாக, கன்றுக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சத்தம் போட்டாள்.

வாசல்படியில் சுடலை விருட்டென்று எழுந்தான்.

"இப்படித்தான் கூப்பிடுவான்," என்றாள் பேச்சியம்மாள். "தெருப் புள்ளைங்க எல்லாம் சிரிக்கும். அவனும் சேந்து சிரிப்பான். எதுக்குச் சிரிக்காங்கன்னு அவனுக்குத் தெரியாது."

"அண்ணாச்சி, எழுதுங்க," என்றாள் டீச்சர்.

"மேலுதடு நடுவுல பிளந்திருக்கும். பல்லு ஒண்ணு அது வழியா வெளிய தெரியும். புது ஆளக் கண்டாத் துண்ட வாயில வச்சுக்குவான்."

சுடலை எழுதினான்.

"வலது கால் பெருவிரல்ல நகம் கிடையாது. அம்மிக் குழவி விழுந்து போச்சு. குழவியப் போட்டவன் இவன்தான், இந்தா நிக்கானே இவன் அண்ணன்."

சுடலை எழுதினான்.

"மோர் ஊத்தினா முதல்ல மோரக் குடிச்சிருவான். அப்புறம் சோத்துக்கு இன்னும் கொஞ்சம் மோர் கேப்பான்."

சுடலை அழுதுகொண்டே சிரித்தான். "ஆமாம்மா. ஆமா."

அப்போது மேசைப் பக்கம் ஏதோ மாறியது. மூன்று பேரும் பார்த்தார்கள். கோட்டுக்காரன் முகத்தில் சின்னச் சின்னக் கட்டங்கள் விழுந்திருந்தன. பாய் பின்னினது போல. கண் ஒரு கட்டம். மூக்கு ஒரு கட்டம். சிரிப்பு மட்டும் ரெண்டு மூணு கட்டத்துக்கு நீண்டு கிடந்தது.

பேச்சியம்மாள் டீச்சர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இதெல்லாம் ஊருக்குத் தெரியணுமா தாயி?"

"ஊருக்கு வேண்டாம் பெரியம்மா. அவன் பக்கத்துல நிக்கிற யாரோ ஒருத்தருக்குத் தெரிஞ்சாப் போதும்."

சுடலை எழுதி முடித்துக் காட்டினான். வெள்ளைத் தரை. கறுப்பு எழுத்து. மேலே போன் நம்பர்.

"பழச எடுத்துடுங்க," என்றாள் டீச்சர்.

அவன் கட்டைவிரல் திரைமேல் நின்றது. அம்மாவைப் பார்த்தான்.

"அத எடுத்தா இவன் என்ன ஆவான்?" என்றாள் பேச்சியம்மாள்.

"தெரியாது பெரியம்மா."

பேச்சியம்மாள் மேசைக்குப் பக்கத்தில் போனாள். கட்டங்கட்டமாகக் கிடந்த கழுத்தில் டையைச் சரி செய்துவிட்டாள். விருந்தாளியை வழியனுப்புகிற குரலில் சொன்னாள்.

"யாரு பெத்த புள்ளையோ. பாக்க ராசா மாதிரிதான் இருந்தே. கிளம்புய்யா."

சுடலை அழுத்தினான்.

கோட்டுக்காரன் உடனே போகவில்லை. வந்த மாதிரியே மெதுவாகத்தான் போனான். கோட்டு போனது. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. கழுத்து போனது. "தொடர்புக்கு," என்று ஆரம்பித்து நம்பரைச் சொன்னான். நம்பர் பாதியில் நின்றது.

நாற்காலிக்கு மேலே வெறும் கட்டம் ஒன்று அந்தரத்தில் நின்றது. உள்ளே ஒன்றும் இல்லாத கட்டம். அதன் வழியாகச் சுவர் தெரிந்தது. பிறகு சுவர் மட்டும் தெரிந்தது.

தட்டில் சோறு காய்ந்து போயிருந்தது.

சுடலை புதுப் பக்கத்தைத் தனக்குத் தெரிந்த எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினான். பேச்சியம்மாள் போனை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தாள். வெயில் ஜன்னல் வழியாக வந்து, அந்த வீட்டில் எப்போதும் விழுகிற பக்கம் விழுந்தது.

சாயங்காலம் போன் அடித்தது.

பேச்சியம்மாள் அதை மகனிடம் நீட்டினாள். சுடலை வாங்கி எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்தான்.

"ஹலோ, கொம்பையா வீடுங்களா?" ஒரு பெண் குரல். பின்னால் காற்று வீசுகிற சத்தம். "நாங்க தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்துல வேல பாக்கோம். இங்க ஒருத்தரு இருக்காரு. நீங்க எழுதியிருக்கிற மாதிரி உதடு. கால் விரலையும் பாத்துட்டேன். நகம் இல்ல."

பேச்சியம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

"எப்ப இருந்து இருக்கான்?" என்றான் சுடலை.

"திருவிழா முடிஞ்ச கையோட வந்துட்டாரே. பேசுறது ஒண்ணும் விளங்கல. தண்ணி எடுத்துக் கொடுப்பாரு, நாங்க சோறு கொடுப்போம். தம்பின்னுதான் கூப்பிடுவோம்."

"அப்பவே நாங்க பக்கம் போட்டிருந்தோமேக்கா. உங்களுக்கு வரலியா?"

"வந்துச்சே."

காற்றுச் சத்தத்துக்கு மேலே கேட்கட்டும் என்று அந்தப் பெண் குரலை உயர்த்தினாள்.

"எம் போன்ல லேசுல திறக்கல. ஒரு வழியாத் திறந்ததும், காணவில்லை கொம்பையான்னு சத்தமா வாசிச்சேன். பேரக் கேட்டதும் இவரு குடத்தப் போட்டுட்டு ஓடி வந்தாரு. படத்தக் காமிச்சேன். ரொம்ப நேரம் பாத்தாரு. தன் உதட்டத் தொட்டுப் பாத்தாரு. அப்புறம், நான் இல்லைன்னு தலைய ஆட்டிட்டு, போயி உப்புக் குவியலுக்கு அந்தாண்ட உக்காந்துட்டாரு."

சுடலை சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"அவரே இல்லைன்னுட்டாரு, நாங்க என்ன செய்ய? பெரிய வீட்டுப் புள்ளையத் தேடுதாங்கன்னு விட்டுட்டோம்."

"இன்னைக்கு?" என்றாள் டீச்சர்.

"இன்னைக்கு டக்குனு வந்துருச்சு. படம் எதும் இல்ல, வாசிச்சேன். உதட்ட வாசிச்சேன், கிட்ட வந்தாரு. குழவிய வாசிச்சேன், சிரிச்சாரு. மோர இன்னும் வாசிக்கல, அதுக்குள்ள பையத் தூக்கிட்டு வந்து நிக்காரு. எந்த பஸ்ல ஏத்தி விடட்டும்?"

"ஏத்தாதீங்கக்கா. நான் வாறேன். இந்தா கிளம்பிட்டேன்."

"சரி, வாங்க." அந்தப் பெண் போனை வைக்கப் போனவள், நின்றாள். "ஆமா, முன்னால நீங்க தேடினீங்களே, கோட்டு போட்ட புள்ள. அவரு கெடச்சாரா? அவங்க அம்மா என்ன பாடு படுதோ."

சுடலை நாற்காலியைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். பிறகு டீச்சரைப் பார்த்தான்.

டீச்சர் தட்டில் காய்ந்த சோற்றை வழித்துக்கொண்டிருந்தாள்.

"அப்படி ஒருத்தர் காணாமப் போகவே இல்லைன்னு சொல்லுங்க அண்ணாச்சி," என்றாள்.